பாடுகிற பையனைக் கூடைப்பந்து ஆட அனுப்புவது எப்படி: இளையோர் மியூசிக்கலுக்கு ஒரு கார்ட்டூன் பகடி எழுத முழுமையான வழிகாட்டி

2008 அக்டோபர் 24 அன்று டிஸ்னியின் ‘ஹை ஸ்கூல் மியூசிக்கல் 3’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. மியூசிக்கல் என்றால் பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் படம் அல்லது நாடகம். 19 நாள் கழித்து, நவம்பர் 12 அன்று, காமெடி சென்ட்ரல் சேனலில் ‘சவுத் பார்க்’ கார்ட்டூன் தொடரின் 12ஆவது சீசனில் ஒரு எபிசோடு ஒளிபரப்பானது. பெயர் ‘எலிமெண்ட்டரி ஸ்கூல் மியூசிக்கல்’. உயர்நிலைப் பள்ளியைத் தொடக்கப் பள்ளியாக்கியதோடு தலைப்பு வேலை முடிந்துவிட்டது. உள்ளே நடந்திருப்பதுதான் பாடம்.

கல்லூரியில் படித்தபோது விடுதி விழாவுக்கு நானும் ஒரு பகடி எழுதினேன். பாட்டும் டான்ஸுமாக ஓடும் கல்லூரிக் காதல் படங்களைக் கிண்டல் செய்வதுதான் திட்டம். வேண்டுமென்றே சுருதி தப்பிப் பாடினோம், கால் தடுக்கி விழுந்தோம், நாயகி வேடத்துக்கு மீசைக்காரன் ஒருவனைப் போட்டோம். முதல் நிமிடம் எல்லோரும் சிரித்தார்கள். நான்காவது நிமிடத்தில் பாதிப் பேர் மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். எங்கே தப்பு நடந்தது என்பது சில வருடங்கள் கழித்து இந்த எபிசோடைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஆகவே கீழே வருவது அந்த எபிசோடைப் பிரித்துப் போட்டு, அதே முறையில் நீங்களும் ஒன்றை எழுதிப் பார்க்கும் வழி. யூடியூப்புக்கு மூன்று நிமிடக் கார்ட்டூன் செய்கிறவருக்கும் இது பொருந்தும், கல்லூரி விழாவுக்கு எழுதுகிறவருக்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை: சவுத் பார்க் பெரியவர்களுக்கான தொடர். உருவங்கள் குழந்தைகளாக இருப்பதை நம்பி வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள்.

படி 1: அசலை ரசிகனாகப் பாருங்கள்

கேலி செய்யப் போகும் படத்தைக் கேலிக் கண்ணோடு பார்த்தால் மேலே மிதக்கும் பொருட்கள்தான் கண்ணில் படும்: பளபளப்பான பற்கள், ஒரே மாதிரி முடி, மேசை மேல் ஏறி ஆடும் கூட்டம். அவை எல்லோருக்கும் தெரிந்தவை. முதல் தடவை அந்தப் படத்துக்கென்றே பிறந்த பதிமூன்று வயதுக்காரர் போலப் பாருங்கள். இரண்டாம் தடவை பேனாவோடு உட்காருங்கள்.

முதல் ‘ஹை ஸ்கூல் மியூசிக்கல்’ 2006 ஜனவரி 20 அன்று டிஸ்னி சேனலில் வந்த தொலைக்காட்சிப் படம். இயக்கியவர் கென்னி ஒர்ட்டேகா. சுமார் 42 லட்சம் டாலரில் எடுத்த சின்னப் படம்தான், ஆனால் அதன் பாடல் தொகுப்பு அந்த ஆண்டில் அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற ஆல்பமானது. கதை நியூ மெக்ஸிகோவின் ஆல்புகெர்க்கியில் நடப்பதாகச் சொல்வார்கள், எடுத்தது யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில். ட்ராய் போல்ட்டன் பள்ளிக் கூடைப்பந்து அணியின் கேப்டன். அவன் அப்பாதான் பயிற்சியாளர். புத்தாண்டு இரவில் கேப்ரியெல்லா என்ற பெண்ணோடு கரோக்கியில் பாட நேர்கிறது. அன்றிலிருந்து அவனுக்குப் பாட வேண்டும். ஆனால் பந்து ஆடுகிறவன் பாடலாமா? அப்பா என்ன நினைப்பார், அணி என்ன சொல்லும்? இதுதான் முடிச்சு.

உணவுக் கூடத்துப் பாட்டைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்து வீரன் ஒருவன் தனக்கு கேக் சுடப் பிடிக்கும் என்கிறான், படிப்பாளிப் பெண் ஒருத்தி ஹிப் ஹாப் ஆடுவேன் என்கிறாள், ஸ்கேட்போர்டுப் பையன் செல்லோ வாசிப்பேன் என்கிறான். கூடமே அதிர்ந்துபோய், அவரவர் இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று கோரஸாகப் பாடுகிறது. மூன்று நிமிடத்துக்குள் படத்தின் மொத்த உலகமும் வந்துவிடுகிறது. சொல்லப்போனால் இது நல்ல காட்சி. இதை நல்ல காட்சி என்று ஒப்புக்கொள்ள முடியாதவர் பகடி எழுத உட்காரக் கூடாது என்பது என் கட்சி.

குறிப்பேட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் ‘தோற்றம்’, வலது பக்கம் ‘விதி’. முடி, உடை, கேமரா சுழல்வது எல்லாம் இடது பக்கம். ‘ஒவ்வொருவனுக்கும் ஒரு ரகசிய ஆசை உண்டு’, ‘ஆசைக்குத் தடை அப்பா’, ‘பாடினால் தடை விலகும்’ போன்றவை வலது பக்கம். எங்கள் விடுதி நாடகத்துக்கு இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் வலது பக்கம் காலியாகவே கிடந்திருக்கும்.

படி 2: ஒரே ஒரு விதியைத் திருப்பிப் போடுங்கள்

அசலில் பந்து ஆடுகிற பையனுக்குப் பாட ஆசை, அப்பா பந்தில் தள்ளுகிறார். சவுத் பார்க்கில் பிரிடான் என்று ஒரு பையன் வருகிறான். பிரமாதமாகப் பாடுவான், ஆடுவான், பள்ளியே அவன் பின்னால். அவனுக்கு உள்ளுக்குள் கூடைப்பந்து ஆட ஆசை. அப்பாவோ, பாட்டையும் ஆட்டத்தையும் விட்டால் தொலைத்துவிடுவேன் என்று பளார் பளாரென்று அறைகிறார்.

இவ்வளவுதான் திருகு. மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டார்கள். தடுக்கும் அப்பா இருக்கிறார், ரகசிய ஆசை இருக்கிறது, தயங்கித் தயங்கி மனம் திறக்கும் பாட்டு இருக்கிறது. ஒரு சட்டையை உள்வெளியாகத் திருப்பினால் தையல் தெரியுமே, அது போல அசலின் கட்டுமானம் முழுக்க வெளியே தெரிகிறது. ‘உன் மனம் சொல்வதைச் செய்’ என்று லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொன்ன படம், எல்லோரையும் ஒரே மாதிரி பாடி ஆட வைத்துவிட்டதே என்ற கிண்டலும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தாளின் வலது பத்தியில் ஒவ்வொரு வரியையும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவை சப்பென்று இருக்கும். ஏதாவது ஒன்றில் மட்டும், திருப்பிய பிறகும் கதை தானாக ஓடும். அதுதான் உங்களுக்கு. இரண்டு விதியைத் திருப்பினால் பார்க்கிறவருக்கு அசலே மறந்துபோகும்.

இங்கே தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அமெரிக்கப் பகடிகளில் சட்டென்று ஒருவன் பாடத் தொடங்குவதே சிரிப்பு. பக்கத்தில் நிற்பவன் முழிப்பான். நமக்கு அது சிரிப்பே இல்லை. கதாநாயகன் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி பாடி, அடுத்த வரியில் வேறு நாட்டு மலையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆகவே ‘ஐயோ, பாடுகிறான்’ என்ற நகைச்சுவையை நம்பி ஒரு காட்சியைக்கூட எழுதாதீர்கள். மெட்டிலும் ஆட்டத்திலும் இல்லாமல், யார் யாரைப் பாட வைக்கிறார்கள் என்பதில் கேலியை வையுங்கள். அது எந்த ஊருக்கும் போய்ச் சேரும்.

படி 3: பிடிக்காதவர்கள் கண்ணால் காட்டுங்கள்

எபிசோடின் மையத்தில் பிரிடானை வைத்திருந்தால் அது இன்னொரு மியூசிக்கலாகியிருக்கும். ஸ்டான், கைல், கார்ட்மேன், கென்னி என்ற வழக்கமான நால்வரை ஓரமாக நிற்க வைத்து, அவர்கள் வழியாகப் பார்க்க வைத்தார்கள். பள்ளியே ஆடுகிறது, இவர்களுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அதுவரை பள்ளியில் கெத்தாகத் திரிந்தவர்கள் ஒரே நாளில் பழைய ஆட்களாகிவிடுகிறார்கள்.

புதிதாக எல்லோரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அலையும்போது, ‘இதில் என்ன இருக்கிறது’ என்று நின்ற அனுபவம் எல்லோருக்கும் உண்டு. ஆகவே படத்தைப் பார்க்காதவர்கூட இந்த எபிசோடைப் பின்தொடர முடிகிறது. உங்கள் கதையிலும் இப்படி ஒருவர் இருக்கட்டும். அவருக்கு இழக்க ஏதாவது இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஸ்டானுக்கு வெண்டி என்ற காதலி இருக்கிறாள். அவள் பிரிடான் பக்கம் சாய்ந்துவிடுவாளோ என்ற பயம் அவனுக்கு.

படி 4: ‘அப்புறம்’ என்ற சொல்லை அடியுங்கள்

சவுத் பார்க்கை உருவாக்கிய ட்ரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் 2011இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு வகுப்பெடுத்தார்கள். அதில் அவர்கள் சொன்ன விதி கதை எழுதுகிற எவருக்கும் கைகொடுக்கும். காட்சிகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு காட்சிக்கு நடுவே ‘அப்புறம்’ என்ற சொல்தான் பொருந்துகிறது என்றால் கதை செத்துவிட்டது. ‘ஆகவே’ அல்லது ‘ஆனால்’ பொருந்த வேண்டும்.

இந்த எபிசோடில் அதைப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் பாட்டு மோகம் பரவுகிறது. ஆனால் நால்வருக்கும் அது பிடிக்கவில்லை. ஆகவே ஒதுக்கப்படுகிறார்கள். மோகத்தின் நாயகன் பிரிடான், ஆகவே வெண்டியை நினைத்து ஸ்டானுக்குப் பயம். ஆனால் நெருங்கிப் பார்த்தால் பிரிடானுக்கே பாட்டு வேண்டாம், கூடைப்பந்துதான் வேண்டும். ஆகவே போய் ஆடு என்று ஊக்கம் கொடுக்கிறார்கள். ஆனால் அப்பா விடுவதாயில்லை.

பகடி எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. அசலின் புகழ்பெற்ற காட்சிகளை ஒவ்வொன்றாகக் கேலி செய்துகொண்டே போவார்கள். உணவுக் கூடக் காட்சி, அப்புறம் மாடிக் காட்சி, அப்புறம் போட்டிக் காட்சி. அது துணுக்குத் தோரணம். ஐந்து நிமிடம் தாங்கும், 22 நிமிடம் தாங்காது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம்தான்.

படி 5: பாட்டு உண்மையிலேயே நன்றாக இருக்க வேண்டும்

இந்த ஒன்றைச் சொல்லத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

எபிசோடின் பாட்டுகளைக் கண்ணை மூடிக் கேட்டால் டிஸ்னி பாட்டு என்றே தோன்றும். அதே மினுமினுப்பான ஒலி, கடைசிச் சுற்றில் அதே எழுச்சி, அதே ‘நான் யார்’ என்ற தவிப்பு. வரிகளைக் கவனித்தால்தான் ஆள் மாறாட்டம் தெரியும். மோசமாகப் பாடுவது பகடி இல்லை. அது வெறும் மோசமான பாட்டு. மோசமான பாட்டை மூன்று நிமிடம் கேட்க யாருக்கும் பொறுமை கிடையாது என்பதற்கு எங்கள் விடுதியின் மெஸ் சாட்சி.

பார்க்கருக்கும் ஸ்டோனுக்கும் மியூசிக்கல் மேல் உண்மையான மோகம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் சந்தித்த காலத்திலேயே மியூசிக்கல் படம் எடுத்தவர்கள். 1999இல் வந்த சவுத் பார்க் திரைப்படமே ஒரு முழு மியூசிக்கல். அதில் மார்க் ஷைமனோடு சேர்ந்து பார்க்கர் எழுதிய ‘பிளேம் கனடா’ ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு விழா மேடையில் ராபின் வில்லியம்ஸ் அதைப் பாடினார். விருது ‘டார்ஜான்’ படப் பாட்டுக்காக ஃபில் காலின்ஸுக்குப் போனது, அதாவது டிஸ்னிக்கே. பிறகு 2011இல் ராபர்ட் லோப்பஸோடு சேர்ந்து இருவரும் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ‘தி புக் ஆஃப் மார்மன்’ என்ற மியூசிக்கலைப் போட்டு, நாடகத்துக்கான டோனி விருது 9 வாங்கினார்கள். அந்த லோப்பஸ்தான் பின்னால் ‘ஃப்ரோசன்’ படப் பாட்டுகளை எழுதிய இருவரில் ஒருவர். கிண்டல் செய்கிற கூட்டமும் கிண்டலுக்கு ஆளாகும் கூட்டமும் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன.

சரி, நம் வேலைக்கு வருவோம். பாட்டை இப்படிக் கட்டுங்கள்:

முதலில் அசல் பாட்டு ஒன்றின் எலும்புக்கூட்டை எடுங்கள். எத்தனை வரிக்குப் பிறகு பல்லவி வருகிறது, எங்கே தாளம் நின்று குரல் மட்டும் ஒலிக்கிறது, எங்கே சுருதி ஏறுகிறது என்று விநாடிக் கணக்கோடு எழுதுங்கள். பிறகு அசலைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அந்த எலும்புக்கூட்டின் மேல் புது மெட்டுப் போடுங்கள். அசல் மெட்டையே எடுத்து வரியை மட்டும் மாற்றுவது எளிதுதான், ஆனால் கேட்பவர் காது அசல் வரிக்கும் புது வரிக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும், கதை விட்டுப்போகும்.

வரிகளில் பொதுச்சொற்கள் குவியட்டும். இளையோர் மியூசிக்கல் பாட்டுகளின் அடையாளமே அதுதான்: கனவு, சிறகு, வானம், என் வழி. அந்தப் பெரிய சொற்களுக்கு நடுவே மிகச் சின்ன, தரையில் கிடக்கும் ஒரு ஆசையை வையுங்கள். வானளாவ ஏங்கிவிட்டு, கடைசியில் கேட்பது கூடைப்பந்தில் யாரும் தடுக்காமல் எறியும் ஒரு ஃப்ரீ த்ரோவாக இருக்க வேண்டும். பாடுகிறவர் மட்டும் துளிகூடச் சிரிக்கக் கூடாது. அழுகிற குரலில் பாடட்டும்.

குரல் பற்றி ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. சவுத் பார்க் சிறுவர்களின் குரலைப் பெரியவர்கள் பேசி, கணினியில் சுருதியை உயர்த்துகிறார்கள். நீங்களும் அப்படிச் செய்தால், பேச்சில் பிரச்சினை இல்லை, பாட்டில் சுருதி இடிக்கும். குரலை மூன்று அரைச்சுரம் உயர்த்தப் போகிறீர்கள் என்றால், பாடும்போது காதில் ஒலிக்கும் இசைத்தடத்தை மூன்று அரைச்சுரம் இறக்கி வைத்துப் பாடுங்கள். உயர்த்திய பிறகு அசல் இசையோடு சரியாக உட்காரும். அசல் படத்திலும் குரலில் ஒரு கதை இருக்கிறது. முதல் பாகத்தில் ட்ராயாக நடித்த ஸாக் எஃப்ரான் பாடுவதாக நாம் கேட்பதில் பெரும்பகுதி ட்ரூ சீலி என்ற வேறொருவரின் குரல்.

படி 6: ஆடத் தெரியாத பொம்மைகளை ஆட வையுங்கள்

சவுத் பார்க் உருவங்களுக்கு இடுப்பு கிடையாது. கை குட்டை, கால் அதைவிடக் குட்டை. முதலில் வண்ணக் காகிதத்தை வெட்டி எடுத்த படம், பிறகு கணினிக்கு மாறியும் அந்தக் காகிதத் தோற்றத்தை விடவில்லை. நடக்கும்போதே குலுங்கிக் குலுங்கித்தான் நடப்பார்கள். இந்தக் கட்டைகள் ஒர்ட்டேகா பாணி நடனம் ஆடுவதிலேயே பாதிச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆகவே உங்கள் உருவம் எளிமையாக இருக்கிறதே என்று வருந்தாதீர்கள், உடலை நெளிய விடாதீர்கள். விறைப்பாக, ஆனால் தாளத்தில் துளி பிசகாமல் ஆடட்டும்.

தாளத்துக்குக் கணக்குப் போட்டே தொடங்குங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படம் என்றால், நிமிடத்துக்கு 120 தாள அடி கொண்ட பாட்டில் ஒரு அடிக்கு 12 ஃபிரேம். எட்டு அடி கொண்ட ஒரு சுற்றுக்கு 96 ஃபிரேம், அதாவது 4 விநாடி. 144 அடி என்றால் அடிக்கு 10 ஃபிரேம். 90 அடி என்றால் 16. இப்படி முழு எண் வரும் வேகத்தில் மெட்டமைத்தால் பிறகு தலைவலி இல்லை. 130 என்று வைத்துவிட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் பாதி ஃபிரேமைத் தேடி அலைந்தவன் சொல்கிறேன்.

முன்வரிசை நாயகனுக்கு மட்டும் தனி அசைவு. பின்னால் நிற்கும் கூட்டத்துக்குத் தலா 96 ஃபிரேம் கொண்ட இரண்டு சுற்று வரைந்து, அதையே இடம் வலமாகத் திருப்பியும், பாதிப் பேருக்கு இரண்டு அடி தள்ளி வைத்தும் ஓட்டுங்கள். ஓரத்தில் ஒருவன் மட்டும் எப்போதும் ஒரு அடி பின்தங்கட்டும். பள்ளி ஆண்டு விழாவில் நாம் எல்லோரும் பார்த்த பையன்தான் அவன்.

பாட்டை முழுதாகப் பதிவு செய்த பிறகே படம் வரைய உட்காருங்கள். தலைகீழாகச் செய்தவர்கள் யாரும் இரண்டாவது எபிசோடு செய்ததில்லை.

படி 7: சூடு ஆறுவதற்குள் பரிமாறுங்கள்

சவுத் பார்க்கின் ஒரு எபிசோடு பெரும்பாலும் ஆறே நாளில் தயாராகிறது. இந்த எபிசோடுக்கு முந்தைய வாரம் வந்தது 2008 நவம்பர் 4 தேர்தலில் ஒபாமா வென்றதைப் பற்றி, வென்ற மறுநாளே. அடுத்த வாரம் வந்தது இளையோரின் வாம்பயர் மோகத்தைப் பற்றி, ‘ட்வைலைட்’ படம் திரைக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது. நமக்கு அந்தப் படை பலம் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து வரும் பகடிக்கு ஆள் வராது. ஆகவே 22 நிமிடம் கனவு காணாமல், ஒரு திருகு, ஒரு பாட்டு, மூன்று நிமிடம் என்று குறுக்கிக்கொள்ளுங்கள்.

படி 8: வழக்கு வராமல் இருக்க

நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1994இல் உச்ச நீதிமன்றம், பணம் சம்பாதிக்கும் நோக்கம் இருப்பதாலேயே ஒரு பகடிப் பாட்டு நியாயமான பயன்பாடு (உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் பயன்பாடு) இல்லை என்றாகிவிடாது என்றது. ராய் ஆர்பிசனின் பாட்டை ராப் குழு ஒன்று கேலி செய்த வழக்கு அது. சவுத் பார்க் மேலேயே இதே 12ஆவது சீசனின் இன்னொரு எபிசோடுக்காக ஒரு இசை வீடியோ நிறுவனம் வழக்குப் போட்டு, 2012இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவில் விமர்சனத்துக்கு இடம் தருகிறது, ஆனால் பகடி என்ற சொல் அதில் இல்லை. ஒரு மலையாள நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரன் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 1996இல் எழுதியவர் பக்கம் நின்றது. ஆனால் யூடியூப்பின் தானியங்கிச் சோதனைக்கு இதெல்லாம் தெரியாது. அசல் ஒலிப்பதிவில் ஐந்து விநாடிகூட எடுக்காதீர்கள்.

படி 9: அடிக்கக் கூடாதவரை அடிக்காதீர்கள்

எபிசோடில் எனக்கு இன்று உறுத்துவது பிரிடானின் அப்பா. பெண்மை கலந்த நடை, உடை, பேச்சோடு வரைந்து, அதே ஆளை முரட்டு அப்பாவாக அறைய வைத்தது அன்று பெரிய சிரிப்பு. திருகு சரியானதுதான். ஆனால் சிரிப்பு அந்தத் திருகிலிருந்து வருகிற அளவுக்கு அவர் நடையிலிருந்தும் வருகிறது. அந்தப் பகுதி சீக்கிரம் பழசாகிவிட்டது. உங்கள் கதையில் ஒரு ஆளைப் பார்த்துச் சிரிப்பு வருகிறதென்றால், அவர் செய்கிற செயலை நீக்கிவிட்டுப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அந்தக் காட்சியை மாற்றி எழுதுங்கள்.

படி 10: தாமதமாக முடியுங்கள்

முடிவில்தான் பகடிகள் கெட்டுப்போகும். ‘பாருங்கள், இந்த மோகமெல்லாம் வீண்’ என்று யாராவது ஒருவர் பேசத் தொடங்குவார். இங்கே அது நடக்கவில்லை. ஒதுக்கப்பட்ட நால்வரும் கடைசியில் பிடிவாதத்தை விட்டு, சரி, ஊரோடு ஒத்துப்போவோம் என்று பாடி ஆடவே துணிகிறார்கள். ஆனால் அதற்குள் பிரிடான் கூடைப்பந்துக்குப் போய்விட்டான். ஊரும் அவன் பின்னாலேயே போய்விட்டது.

இது போன்ற முடிவை எழுத ஒரு வழி: உங்கள் பிடிவாதக்காரர் கடைசியில் எதற்கு ஒத்துக்கொள்வார் என்று எழுதுங்கள். பிறகு அந்தக் காட்சிக்கு முன்னால், அவருக்குத் தெரியாமல், கூட்டத்தை வேறு இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். பாட்டை வெட்டாதீர்கள். அவர் முழுப் பாட்டையும், சுருதி சுத்தமாக, காலி அரங்கில் பாடி முடிக்கட்டும்.